ஆணி இறங்காத வீடு

இங்கிலாந்தின் கென்ட்டில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய பண்ணை வீட்டின் பாதி. முதல் வாரமே என் நெற்றியில் மூன்று புடைப்பு. நிலைவாசல் அவ்வளவு தாழ்வு. மாடித் தரையோ சாய்வு. எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தால் தானாக உருண்டு சுவரோரம் போய் நிற்கும்.

முருகன் படம் மாட்ட ஓக் தூணில் ஆணி அடித்தேன். ஆணிதான் வளைந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரப் பெரியவர் பதறிப்போனார். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்றமாம். அப்புறம் கொஞ்சம் தணிந்து விளக்கினார். ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்து, தச்சர் களத்தில் துளையும் நாக்குமாகப் பொருத்திப் பார்த்து, இணைப்புதோறும் ரோமன் எண் கீறி, பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்துவார்களாம். இறுக்கிப் பிடிப்பது ஓக் முளைகள்தான். நின்ற இடத்திலேயே மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டதில் வந்தது இந்தக் கோணல். பச்சையாக இருந்தபோது அடித்திருந்தால் ஆணி இறங்கியிருக்கும். நான் ஐந்நூறு வருடம் தாமதம்.

மரச்சட்டங்களுக்கு நடுவே குச்சித் தட்டி. அதன்மேல் வைக்கோலும் சாணமும் பிசைந்த களிமண், சுண்ணாம்புப் பூச்சு. சாணம் என்றதும் என் மனைவிக்கு வீட்டின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. முன்பு யாரோ பின்சுவரில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கே அடிச்சட்டம் உளுத்துக் கிடக்கிறது. இந்த வீட்டு மரத்துக்குக் கறுப்புச் சாயம் கிடையாது, வெள்ளிச் சாம்பல் நிறம்தான். காலண்டரில் பார்க்கும் கறுப்பு வெள்ளை வீடுகள் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம் என்றார் பெரியவர்.

பரணில் கைமரங்கள் மட்டும் கரேலென்று இருந்தன. தீ விபத்து என்றே நினைத்தேன். சசெக்ஸில் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு நிற்கிறது. கென்ட்டில் நீர்த்தேக்கம் கட்டியபோது பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியது. கூரைவரை திறந்த கூடம், நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி இல்லை. கண்ணாடி இல்லாத சன்னல்களில் மரக்கம்பிகளும் கதவுப் பலகைகளும். புகை மேலே சுழன்று ஓட்டு இடுக்கு வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும். எங்கள் பரணில் இருப்பதும் அந்தக் கரிதான். எங்கள் வீட்டுப் புகைபோக்கியும் மாடியும் பிற்காலத்தில் நுழைத்தவை.

அப்படிப் புகை குடித்த வீட்டில் இன்று நான் நாலு மிளகாய் வற்றல் தாளித்தால் போதும், புகை அலாரம் அலறுகிறது.