கண்டதா, கட்டியதா?

உயர்தர வகுப்பில் சிக்கலெண் பாடம் தொடங்கிய நாளில், −1இன் வர்க்கமூலத்துக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்துக்கொள்வோம் என்று எங்கள் ஆசிரியர் கூறியதும், பின்வாங்கில் இருந்த நண்பன், "சேர், இல்லாத ஒண்டுக்குப் பேர் வைச்சால் அது இருக்கிறதாய் ஆயிடுமோ?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு முப்படிச் சமன்பாட்டை அவர் கரும்பலகையில் எழுதினார்: ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் 15 மடங்கோடு 4ஐக் கூட்டியதற்குச் சமன்.

விடை 4 என்பது பிரதியிட்டாலே தெரியும். ஆனால், இத்தாலியக் கணிதவியலாளர் கார்டானோ 1545இல் அச்சிட்ட முப்படிச் சூத்திரத்தின் வழியே சென்றால், 2 + √−121, 2 − √−121 ஆகியவற்றின் கனமூலங்களைக் கூட்டுமாறு அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அக்கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1 என்பதை 1572இல் வெளிவந்த தம் அட்சரகணித நூலில் இன்னோர் இத்தாலியரான பொம்பெல்லி காட்டினார். அவற்றைக் கூட்டும்போது √−1 உள்ள கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, 4 வந்து நிற்கிறது. அதை நாங்களே பெருக்கிப் பார்க்க வேண்டுமென்றார் ஆசிரியர். (நான் குறியில் பிழை விட்டேன்.) "பேர் நாங்கள் வைச்சது, விடை ஆர் வைச்சது?" என்பது மட்டுமே அவருடைய மறுமொழி.

அமெரிக்காவையும் தொலைபேசியையும் 'கண்டுபிடித்தார்கள்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு, கணிதம் கண்டறியப்பட்டதா, ஆக்கப்பட்டதா என்ற மெய்யியலாளரின் வழக்கு முதலில் வீண்சண்டையாகவே தோன்றியது. என்னை ஒரு பக்கம் சாய்த்தது அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹமில்டனின் தோல்வி. மூன்று கூறுகள் கொண்ட எண்களைப் பெருக்க அவர் ஆண்டுக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளின் கால்வாயோரம் மனைவியுடன் நடந்துகொண்டிருந்தபோதுதான், நான்காவது கூறொன்று வேண்டும் என்பதும், பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும் என்பதும் அவருக்குப் புலப்பட்டன. ஆக்கியவர் அவரேயானால் மூன்றோடு நிறுத்தியிருக்கலாமே.

சதுரங்க விதிகளும் அப்படித்தானே, செய்தவர்களையே கட்டிப்போடுகின்றனவே என்று என் மகள் வாதிடுவாள். சதுரங்கத்தைக் கொண்டு எவரும் ஆடலோட்ட (AC) மின்சுற்றைக் கணிப்பதில்லை, சிக்கலெண்ணைக் கொண்டு நான் தொழில் முழுவதும் கணித்தேன் என்பேன். அவள் முழுதாக ஒப்பவில்லை.

அன்று அது புலப்பட்டதும் ஹமில்டன் தம் சமன்பாட்டைக் கீறிவைத்த அந்தக் கால்வாய்ப் பாலத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போனேன். அவர் கத்தியால் கீறியது அழிந்துவிட்டது. பிற்காலத்தில் பதித்த நினைவுக்கல், அவர் அதைக் கண்டறிந்ததாகவே சொல்கிறது. அதைப் படமெடுத்துப் பின்வாங்கு நண்பனுக்கு அனுப்பினேன். "கல்லில எழுதினால் மட்டும் சரியாயிடுமோ?" என்று பதில் வந்தது.