ஏனுங்ணா, முடிய வழிச்சுட்டா சூடு கொறையுமில்ல?

கேட்டது எங்க சித்தப்பா பையன். பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டுல ஒரு ஹஸ்கி நாய் வாங்கி வெச்சிருக்கானுங்க. நீலக் கண்ணு, ஓநாயாட்டம் மொகம், ஆருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனா அது சைபீரியாவுல சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளத்த சாதிங்க. 1925ல அலாஸ்காவுல நோம்ங்கற ஊருக்கு டிப்தீரியாங்கற தொண்டை நோய்க்கு மருந்தை 1000 கிலோமீட்டருக்கு மேல பனியில மாத்தி மாத்தி இழுத்து அஞ்சரை நாள்ல சேத்துச்சே, டோகோ, பால்டோ, அதெல்லாம் இந்த இனந்தான், அதைக் கொண்டாந்து சித்திரை வெயில்ல கட்டுத்தரையில கட்டுனா பாவம் என்னதான் பண்ணும்.

முடிய மட்டும் வழிச்சுறாதீங்க. ரெண்டு அடுக்கு முடி அதுக்கு, மேல்முடிதான் வெயில் தோல்ல படாம காக்குது, வழிச்சா திரும்ப சரியா வளராமயும் போயிரும். உள்முடிய சீப்பு போட்டு எடுத்தாப் போதும். வருசத்துக்கு ரெண்டு தரம் கொட்டும் பாருங்க, தலகாணியே தெச்சரலாம்! நடை விடியக்காலைல, இல்லாட்டி பொழுது எறங்கி தரை ஆறுன பொறவு. மத்தியானம் ஏசி ரூம்தான். மூச்சு வாங்கித் தள்ளாடுச்சுன்னா தண்ணிய ஊத்தி நனைச்சுட்டு ஒடனே டாக்டர்கிட்ட ஓடோணும்.

காவலுக்கும் ஆகாதுங்க, திருடன் வந்தா வாலாட்டும். கொரைக்கறது கம்மி, ஊளைதான், சித்தி ராத்திரி எந்திரிச்சு திருநீறு பூசிக்கறாங்க. போன வாரம் வேலிக்கடியில பள்ளம் பறிச்சுப் போயி பக்கத்துத் தோட்டத்துக் கோழி ரெண்டை முடிச்சுட்டு வந்துருச்சு, பஞ்சாயத்து இன்னும் ஓடுது.