நேர் மேலேதான் போகுது, நம்புங்க

ராக்கெட் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் தெரியும் என்று கணக்குப் போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூட்டுவது என் பொழுதுபோக்கு. ஏவுவதற்கு முன், கழன்று விழும் பாகங்கள் எந்தக் கடல் பகுதியில் விழலாம் என்று விமானிகளுக்கும் மாலுமிகளுக்கும் அறிவிப்பு விடுவார்கள். அந்தப் பகுதிகளை வரைபடத்தில் குறித்துக் கோடு இழுத்தால் பாதை கிடைத்துவிடும். மிச்சம் கூட்டல் கழித்தல்தான்.

போன முறை அந்தக் கூட்டல் கழித்தலில்தான் மானம் போனது. ராக்கெட் கொண்டுபோய் விடும் விண்கலம் பூமியை ஒரு சுற்று முடித்து ஒன்றரை மணி நேரத்தில் தலைக்கு மேல் வரும் என்று நொடி சுத்தமாகச் சொன்னேன். வரவில்லை. அதற்குள் பூமி 22 டிகிரி திரும்பிவிடும். நிலநடுக்கோட்டில் அது 2,400 கி.மீ.க்கு மேல். தசமப் புள்ளி வரை பார்த்தவன் இதை விட்டுவிட்டேன். "பூமி சுத்தும்னு எனக்கு மூணாம் கிளாஸ்லயே சொல்லிட்டாங்கப்பா" என்றாள் மகள்.

இந்த முறை பூமியைச் சுற்றவிட்டே கணக்குப் போட்டேன். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்தில் கலம் வரும். நமக்கு இருட்டு, 200 கி.மீ. உயரத்தில் போகிற அதற்கு இன்னும் வெயில். அந்த வெயிலில் மின்னுவதுதான் நம் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் கவுண்ட்டவுனை நிறுத்தி, 40 நிமிடம் தாமதமாக ஏவினார்கள். அதே ஏவுதளம், அதே திசை, அதே பாதை. "40 நிமிஷம் கழிச்சு மாடிக்கு வாங்க, அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். குறித்த நிமிடத்தில் ஒரு புள்ளி வர, கைதட்டல். புள்ளி சிவப்பாகக் கண் சிமிட்டியது. விமானம். (இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1957-ல் ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டைத்தான். ஸ்புட்னிக் வெறும் 58 செ.மீ. உருண்டை.)

அப்போதுதான் உறைத்தது. பாதை மாறாது, சூரியன் இறங்கிக்கொண்டே போகுமே! அந்த 40 நிமிடத்தில் பூமியின் நிழல் 200 கி.மீ.யைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

"தம்பி, இப்ப எங்க இருக்கு?" பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"நேர் மேலதான் ஐயா போகுது. நிழலுக்குள்ள இருக்கு, யாருக்குமே தெரியாது."

கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றார்.

"நல்லவேளை. கண்ணாடியைக் கீழயே வச்சுட்டு வந்துட்டேனேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."