அரை கிலோ கடலை மிட்டாயும் இரண்டு தீட்சிதர்களும்

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஆறே முக்கால். எட்டயபுரம் பஸ் ஏறுவதற்கு முன்னால் கடலை மிட்டாய் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். கடை இன்னும் திறக்கவில்லை, ஆனால் பின்கட்டிலிருந்து வெல்லம் காயும் வாசனை தெரு வரைக்கும் வந்தது. எட்டிப் பார்த்தேன். "உள்ள வந்து பாருங்க தம்பி, ஒண்ணும் ரகசியம் இல்ல" என்றார் அடுப்படியில் நின்றவர். பாகில் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார், விரலால் உருட்டினார், கிண்ணத்து விளிம்பில் தட்டினார். 'டிக்' என்று சத்தம் வந்தது. அதுதான் பதமாம். உடனே தோல் நீக்கி உடைத்த வறுகடலையைக் கொட்டி நாலு கிளறு, பலகையில் சரித்து, கட்டையால் உருட்டித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வில்லை போட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம் பிந்தினால் கத்தி இறங்காது. 2020இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் நான் அரை கிலோ வாங்கியிருப்பேன்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்து மறைந்ததும் இதே கோவில்பட்டியில்தான். அவர் சமாதிக்கு இன்னொரு நாள் வர வேண்டும். இந்த முறை எனக்கு வேண்டியது எட்டயபுரம் மட்டும்.

பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இந்தப் பக்கம் வரும்போது ஊரே மழையில்லாமல் காய்ந்து கிடந்ததைப் பார்த்து அம்ருதவர்ஷிணி ராகத்தில் ஒரு கிருதி பாடினார், மழை கொட்டியது, பிறகு போதும் நில் என்றும் அவரே பாட வேண்டியதாயிற்று என்று ஒரு கதை உண்டு. ஏறும்போது அஞ்சு சுரம், இறங்கும்போதும் அதே அஞ்சு, ஸ க ம ப நி. ரி, த இரண்டும் கிடையாது. அந்தக் கிருதியைத்தான் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை வரவில்லை, போன் சார்ஜ்தான் தீர்ந்தது.

தீட்சிதர் திருவாரூர்க்காரர். தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்ததால் கடைசிக் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார். 1835 தீபாவளியன்று சிஷ்யர்கள் 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது என்பார்கள். அட்டக்குளம் பக்கம் சமாதி. டீக்கடையில் வழி கேட்டபோது, "எந்தச் சமாதி? பாட்டுக்காரரா, உமறுப் புலவரா?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு பெரியவர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் இதே ஊர். வழி கேட்டால் எந்தப் புலவர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய ஊரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

சமாதியில் ஆள் அரவம் இல்லை. பாட ஆசையாக இருந்தது, குரல் வரவில்லை. வீணை கற்றுக்கொண்டவனுக்கு வாய் சரிப்படாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு கடலை மிட்டாயைக் கடித்தேன். அந்த அமைதியில் அது எழுப்பிய சத்தம் எனக்கே கூச்சமாகிவிட்டது.

அப்புறம் பாரதி பிறந்த வீடு. 1947இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தை விட எனக்கு இந்த வீடுதான் பிடித்தது. மண்டபம் பெரியது, கல்கி ஊரெல்லாம் கேட்டுப் பணம் திரட்டிக் கட்டியது, மரியாதையாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம். வீட்டில் அப்படி முடிவதில்லை. பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போன சின்னசாமி ஐயரின் மகன், பதினொரு வயதில் 'பாரதி' பட்டம் வாங்கிக்கொண்டு திரிந்தது இந்தத் தெருக்களில்தானே என்று மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் வந்ததற்கு உண்மையான காரணம் வேறு. பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் இங்கே உட்கார்ந்துதான் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய இசை நூலைத் தொகுத்தார். 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது, தெலுங்கு லிபியில். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் இருநூற்றுக்கு மேல் சுரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. சும்மா சுரம் மட்டும் இல்லை, எந்தச் சுரத்தை அசைக்க வேண்டும் என்பதற்கும் அடையாளம் போட்டிருக்கிறார். சாய்ந்த கோடு ஏறினால் ஏற்ற ஜாரு, அதாவது மேலே வழுக்கிப் போவது, இறங்கினால் இறக்க ஜாரு, நெளிகோடு என்றால் கம்பிதம், சுரத்தை அசைப்பது. அதன் தமிழ்ப் பதிப்பை வைத்துத்தான் எனக்கு என் டீச்சர் வீணை சொல்லிக்கொடுத்தார். ஒரு நெளிகோட்டை நான் நேர்கோடாக வாசித்ததற்கு ஒரு மாதம் அதே வரியில் நிறுத்திவைத்தார்.

1902 முதல் 1904 வரை பாரதி எட்டயபுரம் அரண்மனையில் வேலை பார்த்தார். அதே அரண்மனையின் ஆதரவில்தான் அந்தப் புத்தகமும் உருவானது. அச்சான வருஷமே இவர் மதுரைக்கும் சென்னைக்கும் கிளம்பிவிட்டார். பாரதிக்கும் சுப்பராம தீட்சிதருக்கும் இடையில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். 1906இல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது பாரதி இரங்கல் கவிதை எழுதினார். பின்னாளில் 'வாதாபி கணபதிம்' என்று ஆரம்பித்தாலே "ஒரே கதை" என்று வித்வான்களை வாங்கு வாங்கென்று வாங்கியதும் இதே பாரதிதான். வாதாபி யாருடைய கிருதி? முத்துசுவாமி தீட்சிதருடையது! அர்த்தம் தெரியாமல், ரசம் இல்லாமல், அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறீர்களே என்பதுதான் அவருக்கு ஆத்திரம். ஒன்றை அவ்வளவு நேசிக்காமல் இவ்வளவு கோபம் வராது. இதில் நான் பாரதி கட்சி. ஆனால் மார்கழியில் வாதாபி கேட்டால் தலையாட்டவும் செய்வேன், என்ன செய்வது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சோறு, பருப்பு, கத்தரிக்காய் புளிக்குழம்பு. குழம்பு மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். பரிமாறிய அக்கா, "பாரதியார் வீட்டுக்கு வந்தீங்களா?" என்றார். தீட்சிதரைப் பார்க்கவும் என்றேன். "அவரு வீணை வாசிப்பாராமே, நீங்களும் வாசிப்பீங்களா?" என்று கேட்டவரிடம், கொஞ்சம் என்று சொல்வதற்குள் நாலாவது கரண்டி இலையில் விழுந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பையைத் திறந்தால் அரை கிலோவில் எட்டு வில்லைதான் மிச்சம். வீட்டுக்கு ஆறு, டீச்சருக்கு இரண்டு.