பெயர் போடாத வரி

“பேர் போடலையேம்மா” என்று நான் சொன்னேன். “மூணாவதுல இருக்கறதே ஒன்பது புள்ளைங்க, இதுல பேரு வேற போடணுமா டீச்சர்?” என்று அவர் கேட்டார். நடந்தது இவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பேசியவை எல்லாம் நாற்காலி எடுத்துப் போடுவதைப் போல மரியாதைக்குப் பேசியவை. ஆனால் இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் என் வரியை மாற்றி வேறொன்றைச் சொல்லிப் பார்க்கிறேன். அவருடைய வரி மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

2023 அக்டோபரில், இரண்டாம் பருவம் தொடங்கிய வாரத்தில், பெற்றோருக்கு நான் எழுதிய கடிதத்தைப் பற்றிய பேச்சு அது. பருவத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எந்த அலுவலகமும் என்னிடம் கேட்டதில்லை. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற ஆண்டிலிருந்து நானாக வைத்துக்கொண்ட பழக்கம். வாட்ஸ்அப் குழு இருந்தாலும், பல வீடுகளில் காலை ஏழு மணிக்கே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதால், தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்புவதே சரியென்று பட்டது. அந்த முறை கடிதத்தில் நல்ல செய்திகளே அதிகம். ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் நம் பள்ளியும் சேர்ந்துவிட்டதால் பிள்ளைகளை எட்டே காலுக்குள் அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பருவப் பாடநூல்களும், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களும் வந்துவிட்டன என்று எழுதியிருந்தேன். மழைக்காலத்தில் காய்ச்சலோடு அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். அந்தத் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரிப்போம்; அரும்புதான் முதல் படி. இவற்றுக்கு நடுவில்தான் இந்த வரி: “மூன்றாம் வகுப்பில் ஏழு பேர் மொட்டு, மலர் நிலைகளில் இருக்கிறார்கள், இருவர் இன்னும் அரும்பு நிலையிலேயே இருப்பதால், அவர்களை நாள்தோறும் அரை மணி நேரம் வீட்டில் வாசிக்க வைக்கப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.”

அந்த இருவரில் ஒருவனின் அம்மாதான் என்னிடம் அப்படிக் கேட்டவர். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் நன்றாக வாசிப்பாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவளும் அவள்தான். காற்புள்ளிக்குக் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அரைப்புள்ளிக்கு அதைவிடச் சற்று அதிகமாக நிறுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். “மலர் நிலைகளில் இருக்கிறார்கள்” என்ற இடத்தில் அவள் முறைப்படி நிறுத்தியிருப்பாள், அந்த நிறுத்தத்தில் திண்ணையில் இருந்தவர்கள் எல்லாரும் பையனைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இது நானாகச் சேர்த்துக்கொண்டது. அம்மா சொன்னது, “எல்லார் முன்னாடியும் படிச்சா டீச்சர்” என்பது மட்டுமே.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் 2025க்குள் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் எண்ணும் எழுத்தும் தொடங்கியபோது வைத்துக்கொண்ட இலக்கு. ஒரு பிள்ளை அந்த இடத்துக்கு வரவில்லையென்றால் அதை அறியும் உரிமை முதலில் பெற்றோருக்குத்தான். பிள்ளைகளின் நிலையைப் பதியும் செயலியில் மொட்டு என்று ஒரு தொடுதலில் மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி நான் செய்ததில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொதுவாகச் சொன்னோம். அந்த அம்மா உறுப்பினர் இல்லை. தனியாகப் பார்த்துப் பேசுவதற்காக மூன்று முறை சொல்லி அனுப்பினேன். நடவு, நூறு நாள் வேலை என்று ஏதோ காரணம், அவர் வரவில்லை. பிறகு நான் எழுதாமல் வேறென்ன செய்வது?

இந்த நியாயத்தை எழுதிக்கொண்டு வரும்போதே ஓரிடத்தில் கை தயங்குகிறது. மூன்று முறையும் நான் சொல்லி அனுப்பியது யாரிடம்? அந்தப் பையனிடம்தான். “நாளைக்கு அம்மாவ வரச் சொல்லுடா” என்ற செய்தியை எந்தப் பிள்ளை வீட்டில் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்? அவர் வரவில்லை என்று நான் வைத்திருந்த கணக்கில் எத்தனை முறை அவருக்குச் செய்தியே போகவில்லை என்பதை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவர்கள் தெரு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை.

இதைவிடவும் உறுத்துவது, கடிதத்தில் இல்லாமல் போன வரிகள். முதலில் நான் எழுதிய வரைவு இரண்டு பக்கம். அதில் இந்த ஒன்பது பேரைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. 2021 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள் இவர்கள். நவம்பர் 1 அன்று பள்ளி திறக்கும் வரை வகுப்பறையின் உள்ளே வந்ததில்லை. வந்து பழகுவதற்குள் ஜனவரியில் மறுபடியும் மூடினோம். அதற்கு முந்தைய ஆண்டு அங்கன்வாடியும் இவர்களுக்கு இல்லை. அது போதாதென்று இந்த ஆண்டு எங்கள் உதவி ஆசிரியை மாறுதலில் போனபின் செப்டம்பர் வரை அந்த இடம் காலியாக இருந்தது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. எங்களுக்கு 43 பிள்ளைகள். ஏட்டில் இரண்டு பணியிடங்களும் இருந்தன, ஆனால் அந்த வாரங்களில் ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பைக் கவனிக்கும் நேரத்தில் ஒன்று முதல் மூன்று வரையான பிள்ளைகள் பயிற்சி நூலில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் வரைவில் எழுதியிருந்தேன்.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 43 பிரதி. ஒரே பக்கமாகச் சுருக்கினேன். செலவை மிச்சம் பிடிக்கத்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எந்த வரிகளை வெட்டினேன் என்று இப்போது பார்த்தால், காசு மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஆசிரியர் இல்லை என்று பள்ளியே எழுதிக் கொடுத்தால் அடுத்த ஜூனில் நாலு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள், தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்து திரும்புகிறது, சேர்க்கை குறைந்தால் அந்த இரண்டாவது பணியிடத்துக்கும் ஆபத்து என்ற பயம் எனக்கு இருந்தது. பொய்யான பயமும் இல்லை. ஆக, பள்ளியின் குறை ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் வெளியே போயிற்று; பிள்ளையின் குறை மட்டும் அடங்கிவிட்டது. ஏன் வாசிக்கவில்லை என்பதற்கான காரணங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, வாசிக்கவில்லை என்பதை மட்டும் வீடு வீடாக அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்த புது ஆசிரியையிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றுப் பிழையோ என்று இரண்டு தடவை படித்தேன், பிழை இல்லை. கோட்டை அழித்துவிட்டு ஜெராக்ஸுக்கு அனுப்பினேன். ஏன் கோடு போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மா வந்தது ஒரு புதன்கிழமை காலை. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அம்மா படியேறி வருவதைப் பார்த்தவுடன் தலையைக் குனிந்துகொண்டு, ஒதுக்கி வைத்த மிளகை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட ஆரம்பித்தான். அலுவலக அறை என்று எங்களுக்குத் தனியாக எதுவும் கிடையாது; இரண்டாவது வகுப்பறையின் மூலையில் ஒரு மேசை, அவ்வளவுதான். நாங்கள் பேசியது வராந்தாவுக்குக் கேட்டிருக்கும். கடிதத்தில் பெயர் போடவில்லை என்று சொன்ன நான், அவனுடைய பெயரைச் சொல்லித்தான் அந்தப் பேச்சையே தொடங்கினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் “இனிமே பாத்துக்கறேன்மா” என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று இருவருமே தெளிவாக்கிக்கொள்ளவில்லை. இனிமேல் பிள்ளைகளின் நிலையைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவதில்லை, நேரில் மட்டுமே சொல்வது என்று அன்று மாலை முடிவெடுத்தேன். நல்ல முடிவு என்றுதான் நம்பினேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து பையன் மாலையில், ஊரிலேயே தன்னார்வலர் பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வி மையத்துக்குத் தவறாமல் போகத் தொடங்கினான். அதற்கு முன் வாரத்தில் ஒரு நாள் போனால் அதிகம். அப்படியென்றால் கடிதம் வேலை செய்தது என்று எடுத்துக்கொள்ள மனம் துடிக்கிறது. தன்னார்வலரைக் கேட்டால், “அந்த அஞ்சாவது படிக்கிற பொண்ணு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுது டீச்சர்” என்கிறார். திண்ணையில் வாசித்ததற்கு அவள் செய்துகொண்ட பரிகாரமா, அல்லது நான்தான் எல்லாவற்றிலும் அந்தக் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேனா?

இருவர் என்று எழுதினேனே, அந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டியோடு இருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதை, அவர்கள் பக்குவமாக எடுத்துக்கொண்டார்கள் என்றே புரிந்துகொண்டிருந்தேன். டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு முன், பயிற்சி நூலைக் காணோம் என்று அவளுடைய பையைக் கவிழ்த்தபோது கடிதம் விழுந்தது. நான் மடித்துக் கொடுத்த நாலு மடிப்பு அப்படியே இருந்தது, ஓரத்தில் சாம்பார் கறையோடு.

ஜனவரியில் மூன்றாம் பருவக் கடிதத்தை அரைப் பக்கத்தில் முடித்தேன். பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, ஆதார் விவரம் கொடுக்காதவர்கள் கொடுக்க வேண்டும். மேலாண்மைக் குழுத் தலைவர் அவராகவே வந்து, “இந்தத் தடவ லெட்டர் நல்லா இருந்துச்சு டீச்சர்” என்றார். அதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து, மாலை பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தலையில் புல்லுக்கட்டு. என்னைப் பார்த்ததும் நின்று, கட்டை இறக்காமலே, “லெட்டர் வந்துச்சு டீச்சர், படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவ எம் பையனப் பத்தி ஒண்ணும் போடலையே?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. “மொட்டுக்கு வந்துட்டான்ல?” என்று அவரே தொடர்ந்தார். வந்துவிட்டான் என்றேன். “அதப் போட்டிருக்கலாம்ல” என்றார். அடுத்த முறை போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, மூன்றாம் பருவத்துக்குப் பிறகு இந்த ஆண்டில் வேறு கடிதம் இல்லை என்பது நினைவுக்கு வந்ததால், தலையை மட்டும் ஆட்டினேன்.