தராசில் வைத்த இட்லி

அம்மா வைத்த இட்லியைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். எட்டு மாதம் இப்படி. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று மனப்பாடம். நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடியைக் கண்டாலே கை நடுங்கும். அக்கா வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. புளியோதரையை எப்படிக் கணக்குப் போடுவது என்ற பயம். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, மாதவிடாய் நின்றது. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களை வைத்து ஓர் அரைப்பட்டினி ஆய்வு நடந்தது. அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். நானும் ராத்திரியெல்லாம் பிரியாணி வீடியோதானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மா, "இன்னொண்ணு வைக்கட்டுமாடி?" என்றாள். சரி என்றேன். பொடி எண்ணெய் தட்டோரம் வழிந்தது. துடைக்கவில்லை.