810 நாள்

ஆகஸ்ட் 4

1.6 கி.மீ. ஓட்டம், 5 நிமிடம் 24 விநாடி.

மாஸ்டர் வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். ஏரிக்கரையிலிருந்து நான் வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்குப் போன் போயிருக்கிறது. ஆயா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான்கு.

ஆகஸ்ட் 6

ராணுவ ஆள்சேர்ப்புக்கு அட்மிட் கார்டு வந்துவிட்டது. 28-ஆம் தேதி. அப்பா இரண்டு காப்பி எடுத்து, ஒன்றைக் கறுப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெட்டி மேல் வெள்ளை பெயின்ட்டில் அவர் பெயரும் நம்பரும் இன்னும் அழியவில்லை.

ஆகஸ்ட் 7

போக மனசில்லை என்று லேசாக ஆரம்பித்தால் போதும், மீதியை எதிரில் இருப்பவரே முடித்துவிடுகிறார். டீக்கடையில் இன்று மாமா. "கரெக்டுதான்டா. நாலு வருஷம் வச்சிருந்துட்டு நூத்துக்கு எழுபத்தஞ்சு பேரை வெளிய அனுப்பிடறான். பென்ஷனும் இல்ல. முடிக்கறப்ப கைக்கு வர்றது 11.71 லட்சம். அதுல ஒரு மனை வாங்க முடியுமா?" பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2022-இல் இந்த அக்னிபத் திட்டம் வந்ததிலிருந்து எல்லாருக்கும் கணக்கு மனப்பாடம். முதல் வருடம் சம்பளம் 30,000, அதில் 9,000 பிடித்தம், கையில் 21,000.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பென்ஷன் இருந்தாலும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 8

தூக்கம் இல்லை. எதிர் வீட்டு நாய் 3 மணிக்கே ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 10

இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும்.

நான் பிறந்தது 2005. அப்பா பென்ஷனில் வந்தது 2016. நடுவில் 11 வருடம். குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் செகந்தராபாத்தில் இருந்த இரண்டு வருடத்தைத் தள்ளிவிடலாம். மீதி ஒன்பது. வருடத்துக்கு ஆனுவல் லீவு 60 நாள், கேஷுவல் 30. ஒரு நாள் குறையாமல் எல்லா லீவும் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் 810 நாள். ரயிலில் போனதையும் வந்ததையும் கழிக்கவில்லை. கேஷுவல் முழுதாகக் கிடைத்ததே இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதையும் கழிக்கவில்லை.

லீவு நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். யாருக்கு ரம், யாருக்கு ஸ்வெட்டர். இரண்டாம் வாரம் அப்பா ஓடு மாற்றுவார், பம்ப்செட் பார்ப்பார், யார் கல்யாணத்துக்காவது போவார். அப்புறம் அம்மா காலண்டரைப் பார்க்க ஆரம்பிப்பாள். கடைசி மூன்று நாள் அவள் எதற்கெடுத்தாலும் சண்டை போடுவாள். காட்பாடி ஸ்டேஷனில் மட்டும் சண்டை இருக்காது. திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைக்கும்.

அவர் நல்லவர். அதை எழுதி வைக்கிறேன். அடித்ததில்லை, குடித்துவிட்டுக் கத்தியதில்லை. ஆனால் வந்து ஒன்பது வருடம் ஆகியும் டம்ளர் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்கிறார். சொந்த வீட்டில்.

எனக்கு லீவு வருடத்துக்கு 30 நாளாம். நாலு வருடத்துக்கு 120.

ஆகஸ்ட் 11

5.27. கால் கனக்கிறது.

ஆகஸ்ட் 13

5.30-க்குள் வந்தால் 60 மார்க். 5.45 என்றால் 48. பத்து புல்-அப்ஸுக்கு 40. இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும். இரண்டு நாளாக வேறு ஒரு நம்பர் வந்து நிற்கிறது: 6.30. மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்சம் விட்டால் போதும். "பரவால்லடா, அடுத்த முறை" என்று முதுகில் தட்டுவார்கள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆயாகூட அழமாட்டாள்.

மாமா பையனை மெடிக்கலில் முட்டி தட்டுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வயது தாண்டியும் அவன் இன்னும் காலையில் எங்களோடு ஓடுகிறான், சும்மா. அவனுக்கு முன்னால் நான் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆகஸ்ட் 15

ஸ்கூலில் கொடி ஏற்ற அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மெடலெல்லாம் குத்திக்கொண்டு போனார். ஆடி கடைசி வெள்ளியும் சேர்ந்துகொண்டதால் அங்கிருந்து நேரே கோயிலுக்கு, கூழ் ஊற்ற. மெடலோடு கரண்டி பிடித்து நின்றார். ஒரு பெரியம்மா என்னைக் காட்டி, "அடுத்த வருஷம் இவன்" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்கக் கூடாது.

கூழ் நன்றாக இருந்தது. மூன்று சொம்பு.

ஆகஸ்ட் 17

சரி, பயமா? நேர்மையாக எழுதப் பார்க்கிறேன்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் பனிச்சரிவு. 19-வது மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் 10 பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்பா அப்போது பஞ்சாபில், வேறு பட்டாலியனில். அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் டிவி முன்னால் நின்றவள் உட்காரவே இல்லை. ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். தெருவே சாமி கும்பிட்டது. 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். இறந்தவர்களில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர்.

அப்பா அதற்கு நாலு வருடம் முன்பு அங்கே இருந்தவர். வலது கால் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பு. அந்த இடத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: மேலே ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி உறைந்துவிடும். அவ்வளவுதான். அவருடைய 17 வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்தது ஒரு ஆரஞ்சு.

பயம் இருக்கிறது. இல்லை என்றால் பொய். ஆனால் பயத்தோடு போகலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். ஆரஞ்சைப் பற்றி மட்டும் பேசுகிற ஆளாகத் திரும்பி வருவேனே, அதுதான்.

ஆகஸ்ட் 18

ராணிப்பேட்டையிலிருந்து போன். அப்ரெண்டிஸ், ஃபிட்டர். செப்டம்பர் 1 சேரவேண்டும். வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

5.22. என் பெஸ்ட். கொடுமை.

ஆகஸ்ட் 21

அம்மாவிடம் சொன்னேன். 810-ஐயும் சொன்னேன். தப்பு.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "உனக்கு யாருடா கணக்கு போடச் சொன்னா?" என்றாள். அப்புறம் எழுந்து, குரல் ஏறிப்போய், நீ நிக்கிற தரை எந்தக் காசு, உன் ஐ.டி.ஐ. ஃபீஸ் எந்தக் காசு, ஆயா கண் ஆபரேஷன் யாரால் ஆச்சு என்று ஆரம்பித்தாள். எல்லாம் உண்மை. "எனக்கு இல்லாத குறை உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவளுக்கு இல்லையா? 2022 ஜூனில் செகந்தராபாத் ஸ்டேஷனில் இதே திட்டத்துக்காக ரயிலை எரித்தபோது டிவியில் அவள் பார்த்தது நெருப்பை இல்லை. "இந்த பிளாட்பாரத்துலதான் பெட்டியோட எறங்கினோம், உனக்கு மூணு வயசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஸ்டேஷன் எரிந்துகொண்டிருக்கிறது, இவள் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ரசம் மட்டும். என் தட்டில் அப்பளம் இரண்டு.

ஆகஸ்ட் 23

கம்மவான்பேட்டையிலிருந்து தங்கச்சியைப் பார்க்க வரலாமா என்று கேட்டார்களாம். ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கின ஊர், வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். தங்கச்சி என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நாலு வருடம், பென்ஷன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"இது உங்க மாமன் பேசற பேச்சு. உன்னுது என்ன?"

"லீவுல வர்ற ஆளா இருக்க எனக்குப் பிடிக்கலப்பா."

மாடு குடித்து முடிக்கும்வரை நின்றார். அப்புறம் வாளியைக் கழுவினார். ஏற்கனவே கழுவின வாளி. "ஓடிட்டு வேணாம்னு சொல்றியா, ஓடாமலேவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நான் யாரைச் சொன்னேன் என்று அவருக்குப் புரியாமல் இருக்காது.

ஆகஸ்ட் 25

யாரும் எழுப்பவில்லை. நானே 4.30-க்கு எழுந்துவிட்டேன். ஓடவில்லை, கரையில் உட்கார்ந்திருந்தேன். மாமா பையன் ஆறு ரவுண்டு போனான்.

ஆகஸ்ட் 27

அப்பா என் டிராக் பேன்ட்டை அயர்ன் பண்ணி மடித்து வைத்திருக்கிறார், கம்பளி மடிக்கிற மாதிரி, ஓரம் கத்தி போல. போகச் சொல்கிறாரா, பழக்கமா? கேட்கலாம். பக்கத்து அறைதான்.

ஆகஸ்ட் 28

போகவில்லை.

செப்டம்பர் 3

மூன்று நாளாக 6.40 பஸ். அரம் பிடித்துக் கையெல்லாம் கொப்புளம். சாயங்காலம் வந்தால் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. டிவி பார்த்தோம்.

செப்டம்பர் 6

அப்பா வேலூர் மிலிட்டரி கேன்டீனுக்குக் கூப்பிட்டார், மூட்டை தூக்க. வரிசையில் அவர் யூனிட்காரர் ஒருவர். தோளைத் தட்டிக்கொண்டார்கள், இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பையன் எங்க இருக்கான்?" என்றார். எந்த யூனிட் என்கிற அர்த்தத்தில்.

"வீட்லதான் இருக்கான்" என்றார் அப்பா.

எண்ணெய் ஐந்து லிட்டர், சோப்பு ஒரு டஜன், அம்மாவுக்குக் குக்கர். வண்டியில் குக்கரை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.